வாசகர் கேள்வி – பதில்: மூன்று மாதத்துக்கு ஒன்பது எழுத்துகளா?

மொரீசியஸ் தொடக்கப்பள்ளிகளில் ஜனவரியில் தொடங்கிய முதல் பருவம் முடிந்துவிட்டது. முதல் வகுப்புத் தமிழ்ப் பாடம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, அந்த வகுப்பை நடத்தும் ஆசிரியை ஒருவர் இந்த இதழில் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு கிரேடு ஒன்றில் சேர்ந்தாள். பருவம் முடிந்து வீட்டுக்கு வந்த அவளுடைய தமிழ் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். மொத்தமே ஒன்பது எழுத்துகள்தாம் இருக்கின்றன. அவற்றிலும் 'அ' இல்லை, 'ஆ' இல்லை. சென்னையில் இருக்கும் என் சித்தப்பா பேரன், இவள் வயதுதான், பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறான். மூன்று மாதமாக வகுப்பில் என்னதான் நடந்தது?
— ஒரு தந்தை, ரோஸ் ஹில்

பதில்: ஒன்பது என்ற உங்கள் கணக்கு சரிதான். ட, ப, ம, க, ர, ல, ய, த, ன. இவற்றோடு புள்ளி வைக்கவும் கற்றுக்கொடுத்திருக்கிறோம். இனி அதே நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். படம், பட்டம், மரம், கல், பல், பகல், மகன், தகரம், கடல் என்ற சொற்கள் உங்கள் மகளின் கையெழுத்தில் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தனித்தாளில் எழுதி நீட்டினால் அவள் படித்துக் காட்டுவாள். எங்கள் வகுப்பில் பிள்ளைகள் யாருடைய உதவியும் இல்லாமல் கூட்டிப் படித்த முதல் சொல் 'கடல்'. தீவில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று அன்று முழுவதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

'அ'வில் தொடங்காதது மறதியால் அல்ல. ஐந்து வயதுப் பிள்ளையின் மணிக்கட்டு இன்னும் இறுகவில்லை. சுழித்து, வளைத்து, மறுபடி கீழே இறக்கும் 'அ', 'இ' போன்ற எழுத்துகளை அந்தக் கையிடம் முதல் நாளே கேட்டால் அது ஓவியம் வரையுமே தவிர எழுதாது. 'ட' இரண்டு கோடு, 'ப' மூன்று கோடு, 'ம' அதோடு ஒரு வளைவு. இந்த வடிவ வரிசை நான் கண்டுபிடித்ததும் அல்ல. தமிழ் கற்பிக்கும் பலரும் கையாண்டு பழகிய வழிதான். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதி, பிறகு தரையில் சுண்ணக்கட்டியால் எழுதி, அதன் பிறகே பென்சிலைத் தருகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நம் முன்னோர் மணலில் எழுதியதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் எழுத்துக்கு முந்தைய வாரங்களில் இருக்கிறது. பெற்றோர் எந்த மொழியைத் தேர்ந்தார்களோ அந்த மொழிப் பாடவேளையில் பிள்ளைகள் வகுப்பறை மாறிப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வாரத்தில் தமிழ் அறைக்கு வர வேண்டிய இருவர் இந்தி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த, இந்தத் தீவில் வீடுகளில் பேசும் மொழி) பாடத்துக்குப் போக வேண்டிய ஒருவன் என் அறையில் இரண்டு நாள் மகிழ்ச்சியாக இருந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு மூன்று வாரம் நாங்கள் நோட்டைத் திறக்கவே இல்லை. 'நில்', 'உட்கார்', 'கை தட்டு', 'மெதுவாக வா', 'கதவைத் திற' என்று நான் சொல்ல, அவர்கள் செய்தார்கள். பிறகு அவர்களில் ஒருவர் சொல்ல, நான் செய்தேன். ஆசிரியையைக் குதிக்கவைக்கும் உரிமை கிடைத்தால் எந்தப் பிள்ளையும் 'குதி' என்ற சொல்லை மறப்பதில்லை.

சென்னைப் பையன் காலையில் கண் விழித்தது முதல் தமிழைக் கேட்கிறான். தான் ஏற்கெனவே பேசும் மொழிக்குக் குறி மட்டுமே கற்கிறான். நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோலும், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக இருக்கிற இடைவெளியில் தமிழின் ஒலியையும் பொருளையும் எழுத்தையும் ஒரே நேரத்தில் சுமக்கிறார்கள். ஒலி காதில் ஊன்றாத பிள்ளைக்கு 247 எழுத்துகளின் அட்டவணையை மனப்பாடம் செய்விக்கலாம்; அப்படிச் செய்த பிள்ளைகளை நான் மேல்வகுப்பில் சந்தித்திருக்கிறேன். அவர்களால் 'அ' முதல் 'ஔ' வரை ஒப்பிக்க முடியும். 'மரம்' என்று எழுதியிருப்பதைப் படிக்க முடியாது.

இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பருவம் விடுமுறைகள் நெருங்கி வரும் பருவம். பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிப்பு நாள், தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய நாள், யுகாதி என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நடுவில் புயல் எச்சரிக்கை வந்தால் அதற்கும் பள்ளி மூடப்படும். நான் குறை சொல்லவில்லை. காவடி விடுமுறை எனக்கு ஒரு வாரப் பாடத்தை இலவசமாகத் தந்தது. கொடியேற்றம் முதல் பத்து நாள் விரதம் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் வேல், மயில், பால், சொம்பு, எலுமிச்சை என்று சொற்களைத் தாமே கொண்டுவந்தார்கள். மார்ச்சில் தேசியக் கொடியை வண்ணம் தீட்டியபோது சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை நான்கும் மேலிருந்து கீழாக அதே வரிசையில் மனத்தில் பதிந்துவிட்டன. இப்போது 'பச்சை எங்கே?' என்று கேட்டால் சில பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கொடியை நினைத்துப் பார்த்து, 'கீழே' என்கிறார்கள்.

கேள்வி: எனக்கு வயது எழுபது. பேத்தி தமிழ் வகுப்புக்குப் போகிறாள். நான் சிறுமியாக இருந்தபோது கோயிலில் மாலை வகுப்புக்குப் போய் அரிச்சுவடி படித்தேன், எல்லாம் மறந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் கிரியோல்தான். அவளுக்கு நான் எப்படி உதவுவது? கிரியோல் பேசுவதை நிறுத்திவிட்டால் தமிழ் வருமா?
— ஒரு பாட்டி, கத்ர் போர்ன்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. பேத்தியிடம் நீங்கள் அன்பாகப் பேசுவதும் கதை சொல்வதும் அந்த மொழியில்தான். அதை நிறுத்தினால் வீட்டில் மௌனம்தான் மிஞ்சும், தமிழ் வராது. தவிர, எல்லாம் மறந்துவிட்டதாகச் சொல்கிறீர்களே, உங்கள் சமையலறையில் நாள்தோறும் தமிழ் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

இந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் வீட்டிலிருந்து காலியான தயிர்க் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதை போடத் தயாரானோம். கையில் ஒரு பிடி விதையை எடுத்து, 'இது கொத்தமல்லி' என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை உடனே எழுந்து நின்று, 'மிஸ், அது கிரியோல் சொல்! எங்கள் பாட்டி கோத்தோமிலி என்றுதான் சொல்வார்' என்று என்னைத் திருத்தினாள். தமிழ் வகுப்பில் ஆசிரியை கிரியோல் பேசிவிட்டதாக வகுப்பு முழுவதும் ஒரே சிரிப்பு. நான் வாதாடவில்லை. கரும்பலகையில் ஒரு கொத்துக் கொத்தமல்லி வரைந்து, 'கோத்தோமிலி' என்று ஒருமுறையும் 'கொத்தமல்லி' என்று ஒருமுறையும் மாறி மாறிச் சொல்லச் சொன்னேன். நாலைந்து முறை சொன்ன பிறகு அதே பெண், 'இரண்டும் ஒன்றுதானா?' என்று கேட்டாள். அன்று மாலை அவர்களுக்குக் கொடுத்த வீட்டுப்பாடம், சமையலறையில் இப்படி ஒளிந்திருக்கும் வேறு சொற்களைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்பது.

மறுநாள் வந்தவற்றைப் பாருங்கள். கறிவேப்பிலையைக் 'காரிபூலே' என்கிறோம். முருங்கைக் கீரை 'ப்ரெத் மூரூம்'. ரசம் 'ரஸோன்'. மிளகுத்தண்ணீர் 'மூலூகூத்தானி'. விசேஷ நாளில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறியை 'செத் காரி' என்கிறோமே, அதில் 'செத்' மட்டும்தான் பிரெஞ்சு. உங்கள் பேத்தியும் அவள் வகுப்புத் தோழர்களும் தமிழ் தெரியாத பிள்ளைகள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் தெரியும் என்பதே தெரியாத பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது மிக எளியது. ரஸோன் தாளிக்கும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, 'உன் மிஸ் இதை எப்படிச் சொல்வார்?' என்று கேளுங்கள். அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஐந்து வயதில் பாட்டிக்கே ஆசிரியையாக இருப்பதைவிடப் பெரிய பரிசு எந்தப் பிள்ளைக்கும் இல்லை.

விதையைப் பற்றி ஒரு செய்தி. அவள் உங்களிடமும் வந்து கேட்கக்கூடும். நாம் கொத்தமல்லி விதை என்று சொல்லும் அந்த உருண்டை, இரண்டு விதைகள் ஒட்டியிருக்கும் ஒரு காய். உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்தித் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும். அப்படிப் பிளந்து விதைத்தால் முளைப்பது எளிது. பிளக்கும்போதே 'ஒன்று, இரண்டு' என்று எண்ணினோம். பிறகு நாள்தோறும் தண்ணீர் தெளித்து, நாளை எண்ணினோம். ஒன்பதாம் நாள் முதல் முளை வந்தது. வந்ததும் பெரும் ஏமாற்றம்: முதலில் வரும் விதையிலைகள் இரண்டும் நீண்டு ஒல்லியாகப் புல்லைப் போலவே இருக்கும். 'மிஸ் நம்மை ஏமாற்றிவிட்டார், இது புல்' என்று ஒரு பையன் தன் கிண்ணத்தைக் குப்பைக்கூடை வரை கொண்டுபோய்விட்டான். அடுத்த இலை வெட்டுவிளிம்போடு வந்தபோது, அதைக் கிள்ளி முகர்ந்து பார்த்து, 'கொத்தமல்லி' என்று அவனே சொன்னான். பருவம் முழுவதும் அவன் சுத்தமாக உச்சரித்த முதல் நீளமான சொல் அது.

கேள்வி: நான் மதுரையில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். உங்கள் நாட்டில் தமிழ் எந்த வகுப்பிலிருந்து, எந்த அளவுக்குக் கற்பிக்கப்படுகிறது? பாடநூல் எங்கிருந்து வருகிறது?
— ஓர் ஆசிரியர், மதுரை

பதில்: அரசுத் தொடக்கப்பள்ளியில் கிரேடு ஒன்றிலிருந்தே தமிழை விருப்பப் பாடமாகக் கற்கலாம். அதுபோலவே இந்தி, உருது, தெலுங்கு, மராத்தி, சீனம், அரபு ஆகியவையும் இருக்கின்றன. 2012 முதல் கிரியோலும் இந்த வரிசையில் சேர்ந்தது. மற்றப் பாடங்களுக்கு அதிகாரபூர்வ மொழி ஆங்கிலம். கீழ்வகுப்புகளில் பிள்ளைகளுக்குப் புரியும் மொழியைப் பயன்படுத்த இடமுண்டு. பாடநூல்களை மோக்காவில் 1970-இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனம் உருவாக்குகிறது. ஆறாம் வகுப்பு முடிவில் வரும் தேர்வை முன்பு சி.பி.இ. என்றோம், 2017 முதல் பி.எஸ்.ஏ.சி. என்கிறோம். அந்தத் தேர்விலும் தமிழ் எழுதலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஆசிரியருக்கு ஆசிரியர் சொல்லக்கூடியது. எங்கள் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும். 'மூட்டூ' என்று அழைக்கப்படும் பையனுடைய குடும்பப் பெயர் முத்து. 'வீராப்பென்' என்பவன் வீரப்பன், 'அர்மூகோம்' என்பவள் வீட்டுப் பெயர் ஆறுமுகம். பல தலைமுறைக்கு முன்பு கப்பலில் வந்தவரின் பெயரைப் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். அது அப்படியே நிலைத்துவிட்டது. பருவத்தின் கடைசி வாரத்தில் அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எல்லாம் இன்னும் கற்கவில்லை, படமாகத்தான் பார்த்தார்கள். ஆனாலும் முத்து தன் அட்டையில் 'த'வைக் கண்டுபிடித்துவிட்டு, அதை யாருக்கும் தொடக்கூடக் கொடுக்கவில்லை. அந்த அட்டை இப்போது அவனுடைய சாப்பாட்டுப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது.

கேள்வி: இந்த ஆண்டுதான் தமிழாசிரியையாகப் பணியில் சேர்ந்தேன். என் வகுப்பில் ஒரு பையன் பருவம் முழுவதும் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான். மற்றவர்கள் கத்தும் சத்தத்தில் அவனைக் கவனிக்கவும் முடியவில்லை. நான் எங்கே தவறினேன்?
— ஓர் இளம் ஆசிரியை, ஃப்ளாக்

பதில்: பேசாதிருப்பதைக் கற்காதிருப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புது மொழிக்குள் நுழையும் குழந்தை நெடுநாள் காதை மட்டும் திறந்து வைத்திருப்பது இயல்பு. அவன் கற்கிறானா என்பதை அவன் வாயிடம் கேட்காமல் கை கால்களிடம் கேளுங்கள். 'நீலப் பென்சிலை எடு' என்றால் எடுக்கிறானா? 'கதவுக்குப் பின்னால் நில்' என்றால் போய் நிற்கிறானா? எடுத்தால், நின்றால், கவலைப்பட ஒன்றும் இல்லை. இவற்றுக்கும் அவன் அசையவில்லை, கிரியோலில் சொன்னாலும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் அது வேறு. அப்போது தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லி, முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

நான் தவறியதைச் சொன்னால் உங்களுக்கு உதவக்கூடும். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இதேபோல் வாய் திறக்காத ஒரு சிறுவன் என் வகுப்பில் இருந்தான். பார்வையாளர்கள் வரும் நாள் நெருங்கியதால், அவனையும் ஒரு வாக்கியம் பேசவைத்துவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம். வகுப்பின் முன்னே நிறுத்தி, 'என் பெயர்...' என்று நானே தொடங்கிக் கொடுத்து, முடிக்கும்வரை உட்காரக் கூடாது என்றேன். அவன் முடிக்கவில்லை; கால்சட்டையை நனைத்துக்கொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவனுடைய தாயார் வந்து மொழிப் பாடத்தை மாற்றிக் கேட்டார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு யாரையும் தனியாக நிறுத்திப் பேசச் சொல்வதில்லை. எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது அவன் உதடு அசைகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பதோடு சரி. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் காதில் ஒருவர் இரகசியமாகச் சொல்லும் விளையாட்டை வைத்துப் பாருங்கள். உரக்கப் பேசக் கூசும் பிள்ளை இரகசியம் பேசக் கூசுவதில்லை. அதே விளையாட்டு மற்றவர்களின் கத்தலையும் குறைக்கும். இருபது பேர் சேர்ந்து இரகசியம் பேசினால் அறையில் காற்றாடி ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

கேள்வி: க, உ, ங என்ற தமிழ் எண்களைக் கிரேடு ஒன்றில் கற்பிக்க வேண்டுமா? தமிழ்நாட்டிலேயே யாரும் பயன்படுத்துவதில்லையே?
— ஒரு வாசகர், கியூர்பிப்

பதில்: எழுதக் கற்பிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து, 'க' எழுத்தா எண்ணா என்ற குழப்பம்தான் மிஞ்சும். ஒன்று முதல் பத்து வரை வாயால் எண்ணத் தெரிந்தால் முதல் பருவத்துக்குப் போதும். ஆனால் காட்டாமல் இருக்காதீர்கள், ஏனென்றால் தமிழ்நாட்டில் இல்லாத ஒன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது: மொரீசியஸ் ரூபாய் நோட்டில் தொகை தமிழ் எண்ணிலும் தமிழ் எழுத்திலும் அச்சாகிறது. 1998-இல், வழக்கமாக ஆங்கிலத்துக்கு அடுத்து வரும் தமிழ் இந்திக்குப் பின்னால் தள்ளப்பட்டு வந்த நோட்டுகள், எதிர்ப்பு எழுந்ததால் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கதை பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு நான் நூறு ரூபாய் நோட்டை, அதாவது மொரீசியஸ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட நோட்டைக் காட்டி, 'இதில் நமக்குத் தெரிந்த எழுத்து இருக்கிறதா?' என்று கேட்டேன். 'ய'வையும் 'ப'வையும் தேடி எல்லோரும் மேசைமேல் கவிழ்ந்துவிட்டார்கள். நோட்டு கொஞ்சம் கசங்கித் திரும்பி வந்தது.

கேள்வி: பருவ விடுமுறைக்கு ஏன் தமிழில் வீட்டுப்பாடமே தரவில்லை? பிள்ளை மறந்துவிடாதா?
— ஒரு தாய், போர்ட் லூயிஸ்

பதில்: தந்திருக்கிறேன், நோட்டில் எழுதித் தரவில்லை. ஏப்ரல் 14 வருடப் பிறப்பன்று வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒருவருக்கு 'வணக்கம்' சொல்லி, இலையில் இருக்கும் கறிகளை ஒன்று முதல் ஏழு வரை தமிழில் எண்ண வேண்டும். ஏழுக்குக் குறைவாக இருந்தால் பிள்ளை உங்களிடம் கணக்குக் கேட்கும்; அதற்கு நான் பொறுப்பல்ல. கொத்தமல்லிக் கிண்ணத்தையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வெயில் நேரடியாகப் படாத சன்னலோரத்தில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள். தழை தேவைப்பட்டால் பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கிள்ளுங்கள். தமிழில் கேட்டால்தான் தர வேண்டும் என்று வகுப்பில் முடிவு செய்திருக்கிறோம்.